மேற்றோல்: பிடியும் பிரிவும்

(சங்கத்தின் நூற்றாண்டுக் கூட்டத்தில் பழைய மாணவிகள் இருவர் சேர்ந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விஞ்ஞானத்தில் ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டபோது எங்களுக்குத் தலைப்புத் தேட வேண்டியிருக்கவில்லை. எங்களில் ஒருவர் உயர்தர வகுப்புகளுக்கு விலங்கியல் படிப்பித்தவர். மற்றவர் எரிகாய விடுதியிலும் தோல் நோய் விடுதியிலும் தாதியாக நின்றவர். ஒரே வாங்கில் இருந்து படித்த நாங்கள் வேறு வேறு வழியாகப் போய்த் திரும்பச் சந்தித்த இடம் தோல். பேச்சை இருவரும் சேர்ந்துதான் எழுதினோம். ஆகையால் எங்கே "நாங்கள்" என்று வந்தாலும் இருவரையும் சேர்த்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

மேற்றோல் என்று புத்தகத்தில் படித்தது நினைவிருக்கும். உடலின் பெரும்பகுதியில் அதன் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர்தான். கண்ணிமையில் அதிலும் பாதி. உள்ளங்காலில் மட்டும் ஒரு மில்லிமீற்றருக்கு மேலே போகும். இந்த மெல்லிய படையின் அடியில் ஒரே ஒரு வரிசைக் கலங்கள் உண்டு. பிரிவது அந்த வரிசையில்தான். பிரிந்த கலங்களில் சில அங்கேயே நிற்கும். சில பிடியை விட்டு மேலே ஏறத் தொடங்கும். ஏறும்போது தட்டையாகி, உள்ளே கெரற்றின் நிரம்பி, கருவை இழந்து, கடைசியில் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட செத்த செதில்களாகி உதிர்ந்துபோகும். இந்தப் பயணத்துக்கு ஒரு மாதமளவு ஆகும். காலையில் நாம் கூட்டி அள்ளும் தூசியில் வீட்டாரின் தோலும் கொஞ்சம் இருக்கிறது.

ஆகவே அடிவரிசைக் கலம் ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள். பிரிவதா? பிடித்துக்கொண்டு நிற்பதா? விட்டு ஏறி முதிர்வதா? சோரியாசிஸ் நோயில் பிரிவு முறுக்கேறிவிடுகிறது. ஒரு மாதப் பயணம் சில நாட்களில் முடிகிறது. முதிர நேரமில்லாமல் மேலே வந்து சேர்ந்த கலங்கள்தான் அந்த வெள்ளிச் செதில்கள். அது தொற்றுநோய் அல்ல. இந்த மண்டபத்தில் அதை இன்னொரு தடவை சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறீர்களா? கலியாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் சங்கம் தொடங்கிய 1925 ஆம் ஆண்டிலேயே இந்தக் கேள்விகளுக்கு ஒரு துப்புக் கிடைத்தது. பொஸ்ரனில் வுல்பாக், ஹோவ் என்ற இருவர் எலிகளுக்கு விற்றமின் ஏ இல்லாத உணவு கொடுத்தார்கள். எலிகளின் கண், சுவாசப்பாதை, உமிழ்நீர்ச் சுரப்பி எல்லாவற்றிலும் இருந்த மென்மையான ஈர மேலணி மறைந்து, அந்த இடங்களில் தோலைப்போன்ற கெரற்றின் படை வந்தது. உணவில் இருக்கும் ஒரு சிறு பொருள் ஒரு கலத்திடம் "நீ என்னவாக முதிரப்போகிறாய்" என்று சொல்லிக்கொடுக்கிறது என்பதே இதன் பொருள். விற்றமின் ஏ குறைந்த பிள்ளையின் கண் வெண்படலம் காய்ந்து சொரசொரப்பாவதும் இதனால்தான். முருங்கையிலைச் சுண்டலும் பப்பாப்பழமும் தந்து வளர்த்த அம்மாமாருக்கு இந்த ஆய்வு தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அடுத்த துப்பு எலிக்குஞ்சின் கண்ணிமையில் கிடைத்தது. இங்கே ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் போக எங்களுக்கு மனமில்லை. ரீற்றா லெவி-மொந்தால்சினி இத்தாலியின் தூரின் நகரில் 1909 இல் பிறந்தவர். யூதர் என்பதால் 1938 ஆம் ஆண்டுச் சட்டங்கள் அவரைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே தள்ளின. அவர் தன் படுக்கையறையிலேயே ஒரு சிறு ஆய்வுகூடம் அமைத்து, கோழி முட்டைக்குள் வளரும் கருவின் நரம்புகளை ஆராய்ந்தார். யுத்தம் முடிந்து அமெரிக்காவுக்குப் போனபின் நரம்பை வளரச்செய்யும் ஒரு பொருளைக் கண்டறிந்தார். அவருடன் வேலை செய்த இரசாயனவியலாளர் ஸ்ரான்லி கோஹன் அந்தப் பொருளைத் தேடி எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றை எலிக்குஞ்சுகளுக்கு ஏற்றியபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. 14 ஆம் நாள் அளவில் திறக்க வேண்டிய கண்கள் 7 ஆம் நாளிலேயே திறந்துகொண்டன. நரம்புப் பொருளுக்கும் கண்ணிமைக்கும் சம்பந்தமில்லை என்று ஒதுக்கிவிடாமல் அவர் அதைத் தொடர்ந்து துருவி, மேற்றோல் கலங்களைப் பிரியச்செய்யும் இன்னொரு புரதத்தை 1962 இல் பிரித்தெடுத்தார். மேற்றோல் வளர்ச்சிக் காரணி என்று அதற்குப் பெயர். இருவருக்கும் 1986 இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பெண்மணி 103 வயது வரை வாழ்ந்து 2012 இல் காலமானார். எங்கள் பாடசாலைச் சுவரில் அவர் படம் ஒன்று தொங்கலாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

இனி இந்த உரையின் நடுப்பகுதிக்கு வருகிறோம். ஹவார்ட் கிறீன் அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் இருந்தவர். அவரும் அவருடைய மாணவர் ஜேம்ஸ் றைன்வால்டும் எலியின் ஒருவகைக் கட்டியை வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோல் அவர்களுடைய நோக்கத்திலேயே இல்லை. கிண்ணத்தில் வழமைக்கு மாறான ஒரு கூட்டம் கலங்கள் தலைகாட்டின. பார்த்தால் அவை மேற்றோல் கலங்கள். அதுவரை மேற்றோல் கலத்தை வெளியே எடுத்து வளர்க்க முயன்றவர்களுக்கு அது சிறிது காலம் பிரிந்து பின் நின்றுவிடும். இங்கே மட்டும் ஏன் வளர்ந்தது? அதே கிண்ணத்தில் எலியின் இணைப்பிழையக் கலங்களும் இருந்தன. அவற்றைக் கதிர்வீச்சால் பிரியமாட்டாதபடி செய்து அடியில் பரப்பிவிட்டால், மேற்றோல் கலம் அவற்றின் துணையில் வளர்கிறது. தான் பிரியாமல், பக்கத்தில் இருந்து மற்றதை வளர்க்கும் கலங்கள் அவை. மனிதத் தோலுக்கும் இது பொருந்தும் என்று 1975 இல் இருவரும் அறிவித்தார்கள். கோஹனின் வளர்ச்சிக் காரணியைச் சேர்த்தால் கலங்கள் இன்னும் நீண்டகாலம் பிரியும் என்று 1977 இல் காட்டினார்கள்.

அதே 1977 இல் கிறீன் செய்த இன்னொரு பரிசோதனை எங்களுக்கு மிகவும் பிடித்தது. மேற்றோல் கலங்களை ஒரு கெட்டியான பாகில் மிதக்கவிட்டார். உணவு இருக்கிறது, வளர்ச்சிக் காரணி இருக்கிறது. பிடிப்பதற்கு மட்டும் ஒன்றுமில்லை. கலங்கள் பிரிவதை நிறுத்தின. முதிர்ந்து, செதிலுக்குரிய புரதங்களை ஆக்கத் தொடங்கின. நிலத்தைப் பிடித்திருக்கும் வரைதான் அடிவரிசைக் கலம் அடிவரிசைக் கலமாக இருக்கிறது; பிடி விட்டால் முதிர்ச்சி தொடங்குகிறது. பின்னர் இங்கிலாந்தில் பியோனா வாற் என்ற பெண் விஞ்ஞானியின் குழு 1989 இல் இதை மேலும் துலக்கியது. மிதக்கும் கலங்களுக்கு நிலத்தில் இருக்கும் பசைப்புரதம் ஒன்றை மட்டும் கொடுத்தார்கள். கலத்தின் மேற்பரப்பில் உள்ள இன்ரெகிரின் என்ற கைகள் அதைப் பற்றிக்கொண்டதும் முதிர்ச்சி தடைப்பட்டது. நாங்கள் படித்த காலத்தில் பிரிவு ஒரு பாடம், ஒட்டுதல் இன்னொரு பாடம், வியத்தம் மூன்றாவது பாடம். கலத்துக்குள் இவை மூன்றும் ஒரே சம்பாசணை.

கிறீனின் ஆய்வுகூடத்தில் பயின்ற இன்னொரு பெண் எலேன் பியூக்ஸ். அடிவரிசையில் இருக்கும்போது ஒருவகைக் கெரற்றினும், மேலே ஏறத் தொடங்கியதும் வேறுவகைக் கெரற்றினும் உண்டாகின்றன என்று இருவரும் 1980 இல் காட்டினார்கள். கெரற்றின் எதற்கு என்று அப்போது யாருக்கும் தெளிவாகத் தெரியாது. 1991 இல் பியூக்ஸின் குழு பழுதான ஒரு கெரற்றின் பரம்பரையலகை எலிக்குள் புகுத்தியது. எலிக்குட்டிகளின் தோல் தொட்ட இடமெல்லாம் கொப்புளித்தது. வீட்டுக்குள் கப்புகளும் வளைகளும் செய்யும் வேலையைக் கலத்துக்குள் கெரற்றின் செய்கிறது. அது பழுதானால் சிறு உராய்வுக்கும் கலம் உடைந்துபோகும். மனிதரில் பிறப்பிலேயே வரும் கொப்புள நோயின் ஒருவகைக்குக் காரணம் இப்படித்தான் பிடிபட்டது.

பிடி என்றோம். பக்கத்துக் கலத்தோடு உள்ள பிடி ஒன்று, கீழே உள்ள அடித்தள மென்சவ்வோடு உள்ள பிடி இன்னொன்று. பக்கத்துப் பிடியின் பெயர் டெஸ்மோசோம். சட்டையின் அழுத்துப் பொத்தானை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கலங்களும் தம் பங்குக்கு ஒவ்வொரு பாதியை நீட்டுகின்றன. அது பூட்டுவதற்குக் கல்சியம் தேவை. கல்சியம் மிகக் குறைந்த கரைசலில் மேற்றோல் கலங்கள் தனித்தனியாகப் பிரிந்துகொண்டே இருக்கும். கல்சியத்தைக் கூட்டினால் சில மணி நேரத்தில் பொத்தான்கள் பூட்டிக்கொள்ளும், முதிர்ச்சியும் தொடங்கும். உயர்தர மாணவிகளுக்கு இதைவிட நல்ல பரிசோதனையை எங்களால் காட்ட முடியாது. பாடசாலை ஆய்வுகூடத்தில் செய்ய முடியாது என்பதுதான் கவலை.

பெம்பிகஸ் என்ற நோயில் உடலின் சொந்தப் பிறபொருளெதிரிகள் இந்தப் பொத்தானையே எதிரியாக எண்ணித் தாக்குகின்றன. எந்தப் புரதத்தைத் தாக்குகின்றன என்பது 1991 இல் தெரியவந்தது. ஸ்ரீரோயிட் மருந்து வருவதற்கு முன் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலானோர் இறந்தார்கள். இன்று அப்படியில்லை. ஆனால் நேரத்துக்கு வர வேண்டும். பலருக்கு முதலில் வாயில்தான் புண் வரும். சூடு என்று சொல்லி மாதக்கணக்கில் இளநீர் குடித்துக்கொண்டிருந்து, தோல் உரியத் தொடங்கியபின் விடுதிக்கு வந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். வாய்ப்புண் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாவிட்டால் யாராவது ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள், பல் வைத்தியராக இருந்தாலும் சரி.

ஸ்ரீரோயிட் என்றவுடன் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இதே மருந்து, தேவையான இடத்தில், தேவையான நாட்களுக்கு உயிர்காக்கும். வெள்ளையாக்கும் கிறீம் என்ற பெயரில் முகத்துக்குப் பூசினால் நடப்பது வேறு. அது அடிவரிசைக் கலங்களின் பிரிவை அடக்கும். கீழ்த்தோலில் கொலாஜன் உண்டாவதையும் குறைக்கும். தோல் மெலிந்து, சிறு இரத்தக் குழாய்கள் வெளியே தெரியத் தொடங்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். எரிகிறதென்று திரும்பவும் அதையே பூசுவார்கள். பாதரசம் கலந்தவை சிறுநீரகத்தையும் கெடுக்கும். எங்கள் நாட்டுச் சந்தையிலும் அப்படியானவை பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கின்றன. கலியாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது பிள்ளைக்கு இதை வாங்கிக் கொடுப்பவர்கள் வேறு யாருமில்லை, நாங்கள்தான். அம்மாமாரும் பெரியம்மாமாரும். லேபல் இல்லாத டப்பா எதையும், வெளிநாட்டிலிருந்து வந்தது என்றாலும், முகத்தில் பூச விடாதீர்கள்.

இனி எரிகாயம். 1990 களில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்த விளக்கில் படித்தவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறீர்கள். எண்ணெய் பஞ்சில் ஊறியிருந்ததால் அந்த விளக்கு விழுந்தாலும் அவ்வளவு சிந்தாது. பயங்கரம், வாய்வரை எண்ணெய் நிரப்பி மூடி சரியாகப் பொருந்தாத உயரமான போத்தல் விளக்குகள்தான். இந்த நாட்டின் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர இப்படி எரிந்து வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து, குட்டையான, கனமான, பக்கங்கள் தட்டையான, திருகுமூடி உள்ள ஒரு விளக்கை வடிவமைத்தார். அது சாய்ந்தால் உருளாது, எண்ணெயும் கொட்டாது. 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. தோல் விஞ்ஞானம் பேசும் உரையில் விளக்கு எதற்கு என்று கேட்கலாம். எரியாத தோலைவிட நல்ல தோலை எந்த ஆய்வுகூடமும் இன்னும் வளர்த்துத் தரவில்லை.

எரிந்தபின் என்ன செய்வது? தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டுவோம். உடலில் பெரும்பகுதி எரிந்திருந்தால் எடுப்பதற்கே தோல் இருக்காது. 1983 இல் அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் 5, 6 வயதுச் சகோதரர்கள் இருவர் தம்மேல் பட்ட பெயின்றைக் கழுவ எடுத்த கரைப்பான் தீப்பிடித்து, உடலின் 95 வீதத்துக்கு மேல் எரிந்தார்கள். அந்நாளில் அது சாவுக் கணக்கு. பொஸ்ரனில் கிறீனின் குழு அவர்களிடம் எஞ்சியிருந்த சிறு துண்டுத் தோலிலிருந்து கலங்களைப் பிரித்து, கிண்ணங்களில் வளர்த்து, தாள் தாளாக எடுத்துக் கொடுத்தது. தாள் கிழியாமல் கிண்ணத்திலிருந்து கழற்ற ஒரு நொதியம் உதவியது. அந்த முறையை 1979 இல் கிறீனோடு சேர்ந்து வெளியிட்டவர்களில் ஒருவர் ஒலனியி கெஹிண்டே. இரண்டு பிள்ளைகளின் உடலிலும் ஏறத்தாழ பாதியை இந்தத் தாள்கள் மூடின. இருவரும் பிழைத்தார்கள். இப்படி வளர்த்த தோலில் மயிர் முளைக்காது, வியர்வைச் சுரப்பியும் வராது. வெயிலில் கவனமாக இருக்க வேண்டும். ஆனால் உயிர் இருந்தது.

2015 இல் ஜேர்மனியின் போகும் நகர வைத்தியசாலைக்கு 7 வயதுச் சிறுவன் ஒருவன் கொண்டுவரப்பட்டான். யுத்தத்திலிருந்து தப்பி வந்த சிரியக் குடும்பத்துப் பிள்ளை. அவனுக்கு எரிகாயம் இல்லை. கீழ்ப்பிடியில் ஒரு புரதம், லமினின்-332, சரியாக உருவாகவில்லை. மேற்றோலை அடித்தள மென்சவ்வில் கட்டிவைக்கும் கயிறு அது. மூன்று இழை சேர்ந்த கயிற்றில் ஓர் இழைக்குரிய பரம்பரையலகு பிறப்பிலேயே பழுது. தொற்று ஏற்பட்டு மேற்றோலின் 60 வீதம் போய்விட்டது. தகப்பனின் தோலை ஒட்டிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. வேதனை தணிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்ற கட்டத்தில், இத்தாலியின் மொடெனா நகரில் மிக்கேலே டி லூக்காவும் கிறாசியெல்லா பெல்லெகிரினியும் நடத்திய ஆய்வுகூடத்தைக் கேட்டார்கள்.

சிறுவனின் கவட்டில் கொப்புளம் இல்லாத இடத்திலிருந்து 4 சதுர சென்ரிமீற்றர் தோல் எடுக்கப்பட்டது. பிரிந்துகொண்டிருக்கும் கலங்களுக்குள் நல்ல பரம்பரையலகை ஒரு வைரசில் ஏற்றி அனுப்பினார்கள். பின்னர் கிறீன் காட்டிய அதே வழியில், பிரியாத எலிக் கலங்களின் துணையில் வளர்த்தார்கள். ஒக்ரோபரில் கைகால்கள், நவம்பரில் முதுகு, அடுத்த ஜனவரியில் மிச்ச இடங்கள். மொத்தம் 0.85 சதுர மீற்றர், அவன் உடலின் 80 வீதம். முதல் ஒட்டு நடந்த அந்த ஒக்ரோபர் முடியும்போது, 90 வயதில், கிறீன் காலமானார்.

சிறுவன் 2016 பெப்ரவரியில் வீடு போனான். புதிய தோலில் கொப்புளம் எழவில்லை. ஒட்டப்பட்ட கலங்களில் பெரும்பாலானவை சில மாதங்களில் பிரிந்து, ஏறி, உதிர்ந்து போயின. நீடித்து நின்று தோல் முழுவதையும் தாங்கியது சிறுதொகை மூலக்கலங்கள் மட்டுமே என்று கண்டுகொண்டார்கள். நீண்ட நாள் நின்று பிடிக்கும் கலம் எது என்று யாராவது கேட்டால், இந்தப் பிள்ளையின் தோல்தான் சாட்சி. ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னான அறிக்கையிலும் அந்தத் தோல் உறுதியாகவே இருந்தது.

இது இங்கே எப்போது வரும் என்று கேட்பீர்கள். கொப்புள நோயின் இன்னொரு வகைக்குப் பரம்பரையலகு கலந்த பூச்சு மருந்தொன்றுக்கு 2023 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எங்கள் குடும்பங்கள் எட்டக்கூடிய விலை அல்ல அது. ஆகவே இப்போதைக்கு எங்களிடம் இருப்பது அறிவும் கையும்தான்.

அறிவு என்பது முதலில் இது. இந்த நோயின் கடுமையான வகைகள் பலவற்றில் தாய், தகப்பன் இருவரும் பழுதான பிரதி ஒவ்வொன்றைச் சுமப்பவர்கள். இருவருக்கும் நோய் இராது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மச்சான் மச்சாள் முடித்த குடும்பங்களில் ஒரே பழுதை இருவரும் சுமக்கும் வாய்ப்புக் கூட. இரண்டு பேரும் சரிபாதி கொடுத்ததை, தாய் கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டாள், கிரகணம் பார்த்தாள், யாருடையதோ கண்பட்டது என்று அவள் தலையில் மட்டும் போடுவதை விடுதி வாசலில் நின்று நாங்கள் கேட்டிருக்கிறோம். அப்படியான ஒரு தாய் உங்கள் ஒழுங்கையில் இருந்தால், இந்த நான்கில் ஒன்று கணக்கை அவளுடைய மாமியாருக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். உயர்தரத்தில் மெண்டல் படித்த யாராலும் அது முடியும்.

மற்றது கை. இப்படியான பிள்ளைக்கு ஒட்டும் பிளாஸ்ரர் ஒருபோதும் வேண்டாம். கழற்றும்போது தோலும் சேர்ந்து வரும். கொப்புளத்தை அப்படியே விட்டால் பெருத்துக்கொண்டே போகும். தொற்றுநீக்கிய ஊசியால் அதன் கீழ்ப்பக்கத்தில் குத்தி நீரை வெளியேற்றி, மேல்தோலை உரிக்காமல் மூடியாக விட வேண்டும். அதைத் தாய்க்குக் கிளினிக்கில் செய்து காட்டுவார்கள். சட்டையின் தையல் வெளிப்பக்கம் இருக்கும்படி மறுபுறமாகப் போடலாம். பிறந்த குழந்தையானால் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கக்கூடாது, இழுபடும். மெத்தென்ற துணியிலோ சிறு மெத்தையிலோ கிடத்தி, ஒரு கையை ஆசனத்தின் கீழும் மற்றதைக் கழுத்தின் பின்னும் வைத்து, அந்த மெத்தையோடு சேர்த்துத் தூக்குங்கள்.